ஓடிக்கொண்டே மாறாமல் இருப்பது எப்படி? என்ட்ரோபி, மாறாநிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். வகுப்பில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். வகுப்பு முடிந்து டீக்கடையில் நிற்கும்போதுதான் ஒவ்வொரு கேள்வியாக வரும். அப்படிப் பல வருடமாக வந்த கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் ஒரே நீளத்தில் இருக்காது. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்கு ஒரு மணி நேரம் போதாது.

மாறாநிலையும் சமநிலையும் ஒன்றுதானே சார்? இரண்டிலும் எதுவும் மாறுவதில்லையே?

அந்த டீக்கடையையே பாருங்கள். பெஞ்சில் யாரோ குடிக்காமல் விட்டுப் போன டீ இருக்கிறது. ஆறி, அறையின் சூட்டுக்கே வந்துவிட்டது. இனி அதில் நடக்க ஒன்றுமில்லை. அதுதான் சமநிலை.

பக்கத்தில் பாய்லர். அதில் உள்ள தண்ணீரின் சூடும் காலையிலிருந்து ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அடியில் கரி எரிகிறது, மேலே ஆவி போகிறது, மாஸ்டர் எடுக்க எடுக்கப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறார். வருவதும் போவதும் சரிக்குச் சரியாக இருப்பதால் பார்க்க மாறாதது போல இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்டெடி ஸ்டேட் என்பார்கள், இங்கே மாறாநிலை என்று எழுதுகிறேன்.

இரண்டையும் பிரித்துச் சொல்ல எளிய வழி ஒன்று உண்டு. எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டுப் பாருங்கள். பெஞ்சு டீக்கு ஒன்றும் ஆகாது. பாய்லரில் கரியை அணைத்தால் சில மணி நேரத்தில் அதுவும் பெஞ்சு டீ வழிக்கு வந்துவிடும்.

அப்படி வரவும் செலவும் சரியாகப் பொருந்துவது தற்செயலா? யாராவது பார்த்துப் பார்த்துத் திருக வேண்டாமா?

பல நேரம் வேண்டாம். தானாகவே பொருந்திக்கொள்ளும். இதை வகுப்பில் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியை வைத்துக் காட்டுவேன்.

வாளியின் அடியில் 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு ஓட்டை போடுங்கள். குழாயடியில் வைத்து, நிமிடத்துக்கு 6 லிட்டர் போல வருமாறு திறந்துவிடுங்கள். முதலில் நீர்மட்டம் ஏறும். ஏற ஏற அடியில் அழுத்தம் கூடி, ஓட்டை வழியே வேகமாகப் பீய்ச்சும். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வந்ததும் வரும் தண்ணீரும் போகும் தண்ணீரும் ஒன்றாகி, மட்டம் நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமை வேண்டும். பையன்களுக்கு அதுதான் கஷ்டம்.

நின்ற பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுங்கள். மட்டம் ஏறும், ஓட்டை இன்னும் வேகமாகக் கக்கும், கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஒரு சொம்பு மொண்டு எடுத்தாலும் அதே கதைதான். அதாவது இந்த மாறாநிலை தடுமாறினாலும் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

இன்னொரு வேடிக்கை. குழாயைப் பாதியாக மூடி, நிமிடத்துக்கு 3 லிட்டர் ஆக்கினால் மட்டம் 10 சென்டிமீட்டருக்கு வரும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வராது. 5 சென்டிமீட்டரில் நிற்கும். ஓட்டையில் வெளியேறும் வேகம், நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதனால் ஓட்டம் பாதியானால் உயரம் கால்பங்கு. ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் 80 சென்டிமீட்டர் வேண்டும். அவ்வளவு உயர வாளி எங்கள் வீட்டில் இல்லை.

என்ட்ரோபி என்றால் அலங்கோலம் என்று படித்தோமே?

அது ஒரு அவசர விளக்கம். மேசை கலைந்து கிடப்பதை என்ட்ரோபி என்று சொல்லிக்கொடுத்து ஒரு தலைமுறையையே குழப்பிவிட்டோம். நல்லெண்ணெயும் தண்ணீரும் கலந்து குலுக்கி வைத்தால் தானாகப் பிரிந்து மேலே ஒன்று கீழே ஒன்று என்று அழகாக நிற்கும். பார்க்க ஒழுங்கு கூடியிருக்கிறது, ஆனால் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் என்ட்ரோபி கூடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கை நம்பி இதில் முடிவெடுக்கக் கூடாது.

என் விளக்கம் இது. ஒரு பொருளை வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே மாதிரி தெரிய, உள்ளே மூலக்கூறுகள் எத்தனை விதமாக இருந்திருக்கலாம்? அந்த எண்ணிக்கையின் மடக்கைதான் என்ட்ரோபி. வியன்னாவில் போல்ட்ஸ்மன் கல்லறையில் பொறித்திருப்பது இந்தச் சூத்திரம்தான். கையால் கணக்குப் போட 1865இல் கிளாசியஸ் அந்தப் பெயரைச் சூட்டியபோது கொடுத்த வழி போதும்: பொருளுக்குள் போன வெப்பத்தை, அப்போதைய கெல்வின் வெப்பநிலையால் வகுத்துவிடுங்கள்.

முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அது 273 கெல்வினில் உருகுகிறது. 334ஐ 273ஆல் வகுத்தால் ஐஸுக்குக் கிடைத்த என்ட்ரோபி 1.22. அந்த வெப்பத்தைக் கொடுத்தது 30 டிகிரி காற்று, அதாவது 303 கெல்வின். அது இழந்தது 334ஐ 303ஆல் வகுத்த 1.10. மொத்தத்தில் கெல்வினுக்கு 0.12 கிலோஜூல் புதிதாக முளைத்திருக்கிறது. எங்கிருந்தும் வரவில்லை, உருவானது. ஆற்றல் கணக்கில் இப்படி நடக்கவே நடக்காது. என்ட்ரோபி கணக்கில் தினமும் நடக்கும்.

மாறாநிலையில் எதுவும் மாறவில்லை என்றால் என்ட்ரோபியும் மாறாது. அப்படியானால், நிஜத்தில் எது நடந்தாலும் மொத்த என்ட்ரோபி கூடும் என்கிற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி எங்கே போனது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு உலோகக் கம்பி. ஒரு முனை கொதிநீரில், 373 கெல்வின். மறுமுனை 303 கெல்வினில் இருக்கும் பெரிய தொட்டித் தண்ணீரில். பக்கவாட்டில் வெப்பம் கசியாமல் சுற்றிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் கம்பியின் ஒவ்வொரு புள்ளியிலும் வெப்பநிலை நிலைத்துவிடும். நொடிக்கு 10 ஜூல் ஒரு முனையில் ஏறி, அதே 10 ஜூல் மறுமுனையில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கம்பிக்குள் நொடிதோறும் நுழையும் என்ட்ரோபி 10ஐ 373ஆல் வகுத்த 0.0268. வெளியேறுவது 10ஐ 303ஆல் வகுத்த 0.0330. ஆற்றல் வந்த அளவே போகிறது. என்ட்ரோபியோ வந்ததைவிட அதிகமாகப் போகிறது. கம்பிக்குள் இருக்கும் என்ட்ரோபியோ துளியும் மாறவில்லை. அப்படியானால் அந்த மிச்சம் 0.0062 எங்கிருந்து வந்தது? கம்பிக்குள்ளேயே ஒவ்வொரு நொடியும் உருவாகி, உருவான வேகத்திலேயே வெளியே தள்ளப்படுகிறது.

ஆக, "என்ட்ரோபி மாறவில்லை" என்பதும் "என்ட்ரோபி உருவாகவில்லை" என்பதும் வேறு வேறு. சமநிலையில் இரண்டும் உண்மை. மாறாநிலையில் முதலாவது மட்டும்தான் உண்மை. வீட்டில் குப்பைக் கூடை தினமும் காலியாக இருப்பதால் குப்பையே சேரவில்லை என்று சொல்வீர்களா? யாரோ கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்.

சமநிலையில் இல்லாத பொருளுக்கு "வெப்பநிலை" என்ற ஒன்றே இருக்குமா? கம்பிக்கு எந்த வெப்பநிலை?

நல்ல சந்தேகம். முழுக் கம்பிக்கும் சேர்த்து ஒரே வெப்பநிலை கிடையாது. ஆனால் சிறு சிறு துண்டாகப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் தன்னளவில் சமநிலையில் இருப்பது போலவே நடந்துகொள்ளும். சாதாரணக் காற்றில் ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சின்னக் கனசதுரத்துக்குள் சுமார் 2.5 கோடி மூலக்கூறுகள் இருக்கும். சராசரி எடுக்க அது தாராளம். ராக்கெட் முனையில் எழும் அதிர்ச்சி அலை மாதிரி இடங்களில்தான் இந்த உபாயம் கைவிடும்.

இயற்கை எப்போதும் என்ட்ரோபி உருவாக்கத்தைக் குறைவாக வைக்கிறதா, அதிகமாக வைக்கிறதா? இரண்டையும் யூடியூபில் சொல்கிறார்களே?

இரண்டையும் பொது விதியாகச் சொல்வது தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களே இதில் வழுக்குகிறார்கள்.

"குறைவாக" என்பதற்குப் பின்னால் இல்யா பிரிகோஜின் இருக்கிறார். மாஸ்கோவில் பிறந்து பிரஸ்ஸல்ஸில் வேலை செய்தவர், 1977இல் வேதியியல் நோபல் பெற்றவர். 1940களில் அவர் நிறுவியது இது: சமநிலைக்கு மிக அருகில், ஓட்டங்கள் (வெப்ப ஓட்டம் போல) அவற்றின் உந்துவிசைக்கு (வெப்பநிலை வித்தியாசம் போல) நேர்விகிதத்தில் இருக்கும்போது, எல்லைகள் நிலையாக இருந்தால், மாறாநிலையில் என்ட்ரோபி உருவாக்கம் மிகக் குறைவாக இருக்கும். அதற்கு அடித்தளம் போட்டவர் லார்ஸ் ஆன்சாகர். 1931இல் வந்த அவருடைய கட்டுரைகளுக்கு 1968இல்தான் நோபல் கிடைத்தது.

அந்த நிபந்தனைகளைக் கழற்றிவிட்டு முடிவை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் பிரச்சினை. நம் கம்பியிலேயே சோதிக்கலாம். வெப்பத்தைக் கடத்தும் திறன் எங்கும் ஒன்றே என்றால், மாறாநிலையில் வெப்பநிலை நேர்கோட்டில் இறங்கும். நடுப்புள்ளியில் 338 கெல்வின். ஆனால் அதே கம்பியில் என்ட்ரோபி உருவாக்கத்தை மிகக் குறைவாக்கும் அமைப்பைத் தேடினால் நடுப்புள்ளியில் 373ஐயும் 303ஐயும் பெருக்கிய வர்க்கமூலம் வரும், 336.2. உண்மைக்கும் அந்த விதிக்கும் கிட்டத்தட்ட 1.8 டிகிரி வித்தியாசம். இரு முனைகளையும் நெருக்கமான வெப்பநிலையில் வைத்தால் இந்த வித்தியாசம் கரைந்துவிடும். அதனால்தான் "சமநிலைக்கு அருகில்" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது என்று கத்துகிறேன்.

இப்போது குழாய்க்கு வருவோம். 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் ஒரே நூலாகப் போனது. வேகம் கூடியதும் உடைந்து சுழன்று கலந்தது. ஓட்ட வேகம், குழாய் அகலம், திரவத்தின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் எண் ஒன்று இன்று அவர் பெயரில் இருக்கிறது. அது 2000ஐத் தாண்டிய பிறகு இந்தச் சுழற்சியை எதிர்பார்க்கலாம். நம் வாளிக்குத் தண்ணீர் விட்ட அதே குழாயில், அரை அங்குலப் பைப்பில் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் அந்த எண் 10,000ஐ ஒட்டி வரும். வீட்டுக் குழாய்க்குள் பெரும்பாலும் கொந்தளிப்புதான்.

கேள்வி: கொந்தளிப்பில் என்ட்ரோபி அதிகம் உருவாகிறதா, குறைவாகவா? நொடிக்கு இத்தனை லிட்டர் என்று ஓட்டத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டால், கொந்தளிப்புக்கு அதிக அழுத்தம் வேண்டும், பம்பு அதிகம் உழைக்கும், அதனால் அதிக என்ட்ரோபி. மாறாக, மேல்நிலைத் தொட்டி மாதிரி அழுத்தத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டால், கொந்தளிப்பில் குறைவான தண்ணீர்தான் வரும், அதனால் குறைவான என்ட்ரோபி. அதே குழாய், அதே தண்ணீர். நாம் எதைப் பிடித்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது. இதற்கு மேல் "இயற்கை இதைத்தான் விரும்புகிறது" என்று யாராவது சொன்னால், எல்லையில் எதைப் பிடித்து வைத்தீர்கள் என்று கேளுங்கள்.

அதற்காக அதிகபட்ச விதிக்காரர்கள் எல்லோரும் கதை விடுகிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். பூமியின் தட்பவெப்பத்துக்கு அதைப் பொருத்தி கார்த் பால்ட்ரிட்ஜ் 1975இல் எழுதிய கட்டுரை வியக்கும்படி நன்றாகவே பொருந்தியது. ஏன் பொருந்தியது என்பதற்கு எல்லோரும் ஒப்பும் விளக்கம் இன்னும் இல்லை.

ஒழுங்கான வடிவங்கள் தானாக உருவாவது இரண்டாம் விதிக்கு விரோதம் இல்லையா?

தோசைக்கல்லில் மெல்லிசாக எண்ணெய் விட்டுச் சூடேற்றிப் பாருங்கள். புகையத் தொடங்கும் முன் எண்ணெயின் மேல் நெளிநெளியாக, சின்னச் சின்ன அறைகள் போலத் தெரியும். 1900இல் ஹென்றி பெனார்ட் மெல்லிய திரவப் படலத்தில் அறுகோண அறைகளாக இதைப் பார்த்தார். சூடு கொஞ்சமாக இருந்தால் வெப்பம் அசையாத திரவத்தின் வழியே கடந்துவிடும். ஒரு எல்லை தாண்டியதும் அந்த வழி நிலைக்காது, திரவமே உருளத் தொடங்கும். 1916இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே கணக்குப் போட்டு விளக்கினார், மிதப்பு விசைதான் காரணம் என்று. ஆனால் பெனார்ட் பார்த்த மெல்லிய படலத்தில் உண்மையான காரணம் பரப்பு இழுவிசை என்று 1950களில்தான் தெரிந்தது. பெரிய ஆளின் கணக்கு சரி, பொருத்திய இடம் வேறு.

விரோதம் எதுவும் இல்லை. அந்த அறைகள் இருக்கும்வரை அடுப்பு எரிந்தாக வேண்டும். அடுப்பை அணைத்தால் வடிவமும் போய்விடும்.

நம் ஊர்ப் பக்கத்தில் பெரிய அளவில் ஒரு மாறாநிலையைக் காட்ட முடியுமா?

நெய்வேலி. நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் அடைபட்டுக் கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும். விட்டால் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு குழியை நிரப்பிவிடும். 1957இல் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்த காலத்திலிருந்தே அங்கே பெரிய தலைவலி இதுதான். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு இரவு பகலாகப் பம்பு ஓடுவதால் நீரழுத்தம் தாழ்ந்தே நிற்கிறது. போய்ப் பார்த்தால் காய்ந்த பள்ளம்தான் தெரியும். அந்தக் காய்ந்த பள்ளம் ஒரு மாறாநிலை. ஒவ்வொரு நொடியும் மின்சாரம் செலவாகிறது, அது கடைசியில் வெப்பமாகி என்ட்ரோபியாகக் கரைகிறது.

இதில் எல்லையை எங்கே வரைகிறோம் என்பது முக்கியம். குழியை மட்டும் சுற்றிக் கோடு போட்டால் மாறாநிலை. சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளையும் சேர்த்துக் கோடு போட்டால் அதே பெயரைச் சொல்லலாமா என்பதை அந்த ஊர் விவசாயிகளிடம் கேளுங்கள். என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

புயலும் இந்த வகைதானா?

ஆமாம், அதுவும் பிரமாதமான உதாரணம். வானிலை அறிஞர் கெர்ரி இமானுவேல் 1986இல் புயலை ஒரு கார்னோ இயந்திரமாக, அதாவது சூடான இடத்தில் வெப்பம் வாங்கி, குளிர்ந்த இடத்தில் விட்டு, இடையில் வேலை செய்யும் இலட்சிய இயந்திரமாகக் கணக்கிட்டார். வெதுவெதுப்பான கடல் சுமார் 301 கெல்வினில் வெப்பம் கொடுக்கிறது. புயலின் உச்சியில் காற்று சுமார் 200 கெல்வினில் அதை வெளியேற்றுகிறது. வித்தியாசத்தைப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு வேலையாக மாறலாம். அந்த வேலை முழுக்கக் கடல் பரப்பில் உராய்ந்து வீணாகிறது. இரண்டும் சமமாகும் வேகம்தான் அதன் உச்ச வேகம். வாளியில் மட்டம் நின்ற அதே கதை.

2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' என்று பெயரிட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தன. ஆனால் கரையேறிய சில மணி நேரத்தில் புயல் வலுவிழந்துவிட்டது. கீழே கடலின் ஈரச்சூடு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கரி தீர்ந்த பாய்லர்.

பூமி முழுவதற்கும் இந்தக் கணக்கு உண்டா?

உண்டு. பூமி ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 240 வாட் சூரிய ஒளியை உள்வாங்கி, ஏறத்தாழ அதே 240 வாட்டை அகச்சிவப்பாகத் திருப்பி அனுப்புகிறது. வருவது 5772 கெல்வின் சூரியனிலிருந்து, போவது 255 கெல்வினில். வகுத்துப் பார்த்தால் போகும் என்ட்ரோபி வருவதைப் போல 22 மடங்குக்கு மேல். கதிர்வீச்சுக்கு 4/3 என்ற ஒரு பெருக்கல் உண்டு, ஆனால் இரண்டு பக்கமும் வருவதால் விகிதம் மாறாது. கெடிலத்தில் வெள்ளம் வருவது, முந்திரி காய்ப்பது, நீங்கள் இதைப் படிப்பது, எல்லாம் அந்த 22 மடங்குக்குள் அடக்கம்.

சூரியன் நமக்கு ஆற்றல் தருகிறது என்று சொல்வது பாதிதான் சரி. வந்த ஆற்றல் முழுக்கத் திரும்பிப் போய்விடுகிறதே!

நம் உடம்பு?

ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி சாப்பிடுகிறவர் சராசரியாக 97 வாட் வெப்பம் வெளியேற்றுகிறார். பழைய குண்டு பல்பு ஒன்று. உடல் சூடு 310 கெல்வின். மீதியை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

என்ட்ரோபி குறையவே குறையாதா? ஒரு நொடிகூட?

மிகச் சின்ன அமைப்பில், கொஞ்ச நேரத்துக்குக் குறையும். 1993இல் எவன்ஸ், கோஹன், மோரிஸ் மூவரும் அதற்கு ஒரு கணக்குக் கொடுத்தார்கள். குறையும் வாய்ப்புக்கும் கூடும் வாய்ப்புக்கும் உள்ள விகிதம், என்ட்ரோபி அளவு கூடக் கூட அடுக்குக்குறி வேகத்தில் சரியும். 2002இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் தண்ணீருக்குள் ஒரு நுண்மணியை லேசரால் பிடித்து இழுத்து, அது சில சமயம் நொடிக்கணக்கில் எதிர்த்திசையில் நடந்துகொள்வதைப் பதிவு செய்தார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் அளவுக்கு வந்தால் அந்த வாய்ப்பைத் தேடிக் காத்திருக்க வேண்டாம்.

சார், இதெல்லாம் பரீட்சையில் வருமா?

பள்ளியில் இந்த அளவுக்குக் கேட்க மாட்டார்கள். என் வகுப்பில் மட்டும் ஒவ்வொரு வருடமும் கம்பியை வரைந்து இரண்டு கேள்வி கேட்பேன். மாறாநிலையில் கம்பியின் என்ட்ரோபி எவ்வளவு மாறுகிறது? எல்லோரும் பூஜ்யம் என்று எழுதுவார்கள், சரி. கம்பிக்குள் எவ்வளவு உருவாகிறது? அதற்கும் பாதிப் பேர் பூஜ்யம் என்று எழுதுவார்கள். அப்புறம் அவர்களை வாளியோடு குழாயடிக்கு அனுப்புவேன்.